தள்ளுபடியதிகாரம்: மூலமும் உரையும்

பாயிரம்

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும், அதில் ஆக்கியோன் பெயர் தொடங்கிக் காரணம் ஈறாகப் பதினொரு செய்தி வர வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. பதினொன்றும் இங்கே கட்டுப்படியாகாது. இன்றியமையாதவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்நூலின் எல்லை, மேற்கே பாபநாசம், கிழக்கே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல். நுதலிய பொருள், ரிசார்ட் மெம்பர்ஷிப்பும் அதன் வாலைப் பிடித்து வரும் ஓட்டல் தள்ளுபடிகளும் போட்ட காசுக்குப் பெறுமா என்பது. களம், பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டுப் பட்டாசல். கேட்போர், அக்கா. காரணம், அத்தான்.

யாப்பைப் பற்றியும் ஒரு சொல். மூலமும் நான் எழுதியது, உரையும் நான் எழுதியது. மூலம் எழுதியவனே உரையும் எழுதினால் மூலத்தில் உள்ள ஓட்டைகளைப் பின்னால் அடைத்துக்கொள்ள வசதி. டைம்ஷேர் ஒப்பந்தங்களையும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

1

ஓரிடம் பலர்க்கும் உரித்தென விற்றுக்
கூறிடும் காலம் டைம்ஷேர் எனப்படும்.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஒரே கட்டிலை ஐம்பத்திரண்டு பேருக்கு விற்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

ஆண்டுக்கு 52 வாரம். அறையை முழுசாக ஒருவருக்கு விற்றால் ஒரு விலை. வாரம் வாரமாக நறுக்கி விற்றால் ஐம்பத்திரண்டு விலை. முழுப் பூசணிக்காய் விற்பவனைவிடக் கீற்றுப் போட்டு விற்பவன் கூடுதலாகப் பார்ப்பான் என்பது பாளை மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதை ஓட்டல் அறைக்குப் பொருத்திப் பார்க்க 1960களில் ஐரோப்பாவில் ஆள் பிறக்க வேண்டியிருந்தது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதி நடத்தியவர்கள், அறையை வாடகைக்கு எடுப்பானேன், ஓட்டலையே வாங்கிவிடுங்கள், அது மலிவு என்ற கருத்தில் விளம்பரம் செய்தார்கள். 1974இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் தோன்றி, உன் வாரத்தை என்னிடம் கொடு, வேறோர் ஊரில் வேறொருவர் வாரத்தை உனக்குத் தருகிறேன் என்று மாற்றுச்சந்தை ஒன்றை நடத்தத் தொடங்கியது. இந்தியாவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானது 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங். பத்து ஆண்டு கழித்து, 1996இல் மஹிந்திரா வந்தது. 25 ஆண்டு, ஆண்டுக்கு ஏழு நாள், பருவத்துக்கு ஒரு நிறம்: ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம். ஊதாதான் உச்சம். அதற்குத்தான் விலையும் உச்சம்.

தடை: இது நம் பக்கத்துக்குப் புதிதோ? விடை: அன்று.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, பதினொரு கால்வாய். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால் என்று ஆளுக்கொரு பெயர். மஹிந்திராவுக்குப் பருவம் நான்கு. நமக்கு இரண்டு, காரும் பிசானமும். தண்ணீர் தட்டினால் முறை வைப்பார்கள். இந்த மடைக்கு இத்தனை நேரம், அடுத்த மடைக்கு இத்தனை நேரம். எங்கள் தாத்தாவுக்கு வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. நடுச்சாமத்தில் முறை வந்தால் ஒரு கையில் அரிக்கேன் விளக்கு, மறு கையில் மம்பட்டி, வாயில் வெற்றிலை என்று இறங்கிப் போவாராம். மடையைத் திறந்ததும் வரப்பில் குத்தவைத்துக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்வார். தூங்கிவிட்டாலும் தண்ணீர் நின்றால் கால் எழுப்பிவிடும். நேரம் முடியும்போது கீழ்மடைக்காரர் வந்து தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல்தான் செக்-அவுட்.

இது டைம்ஷேர் அல்லாமல் வேறென்ன? ஆனால் ஆராய்ச்சியாளன் ஒற்றுமையைக் கண்டு மயங்கக் கூடாது. வேற்றுமை மூன்று. தாத்தாவின் முறை நிலத்தோடு ஒட்டியது; நிலத்தை விற்றால் முறையும் போகும், பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தால் முறையும் பிரியும். அத்தான் வாங்கிய உறுப்பினர் உரிமை பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் ஏறாது. அது தங்கும் உரிமை மட்டுமே, செங்கலில் ஒன்றுகூட அவருடையதில்லை. தாத்தா ஓர் இரவு போகாமல் விட்டால் அந்தத் தண்ணீர் கீழ்மடைக்காரர் பயிருக்குப் போகும். அத்தான் போகாமல் விட்ட இரவை நிறுவனம் இன்னொருவருக்குக் காசுக்கு விற்கும். மூன்றாவதுதான் பெரிது. தாத்தாவுக்கு அந்தத் தண்ணீர் வேறெங்கும் கிடைக்காது. அத்தானுக்கு அறை எங்கும் கிடைக்கும்.

கோயில் மண்டகப்படியும் இந்த வகையே. திருவிழா பத்து நாள். நாளுக்கு ஒரு குடும்பம் அல்லது ஒரு சமுதாயம். செலவு முழுக்க அவர்களுடையது. சலுகை என்று பார்த்தால் தலையில் ஒரு பரிவட்டம், கழுத்தில் ஒரு மாலை, கையில் சுண்டல். இதைக் கணக்குப்படி பார்த்தால் இந்த வையகத்திலேயே மிகவும் நட்டமான மெம்பர்ஷிப் இதுதான். ஆயினும் யாரும் விட்டுக்கொடுத்ததாகக் கேள்வியில்லை. பரிவட்டத்தின் வரிசை மாறியதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் உண்டு. மனிதன் சலுகையைக் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குற்றாலத்தில் சமுதாயச் சத்திரங்கள் இருப்பதையும் இங்கே சேர்க்கலாம். விரித்தால் பெருகும்.

2

விருந்தென அழைத்து விலையென முடித்தல்
பரிசுச் சீட்டின் பண்பா கும்மே.

என் நுதலிற்றோ எனின், அத்தான் மாட்டிக்கொண்டவாறு உணர்த்துதல் நுதலிற்று.

தீபாவளிக்கு ஜவுளி எடுத்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெயர், போன் நம்பர், மாத வருமானம் எழுதிப் போட்டால் குலுக்கலில் கார். அத்தான் எழுதிப் போட்டார். கார் விழவில்லை. கார்த்திகை மாதம் போன் வந்தது. ‘சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. வண்ணார்பேட்டையில ஓட்டல்ல டின்னர். மேடத்தையும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்.’

மேடத்தையும் என்பதில் வரும் உம்மையை ஆராய்க. அது எச்சவும்மை போலத் தோன்றும், உண்மையில் முற்றும்மை. கணவன் மட்டும் வந்தால் அவனிடம் ‘வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்’ என்ற கவசம் இருக்கிறது. மனைவி மட்டும் வந்தால் ‘அவுக வரட்டும்’ என்ற கவசம். திருநெல்வேலிச் சீமையில் இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டி ஒரு பிரஷர் குக்கரைக்கூட விற்க முடியாது. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டால் இரண்டு கவசமும் ஒரே நேரத்தில் கழன்றுவிடும்.

அன்று நடந்ததை அத்தான் ஒரு மாதிரியும் அக்கா வேறு மாதிரியும் சொல்கிறார்கள். பாடபேதங்களை ஒப்புநோக்கி நான் கண்ட செம்பதிப்பு இது. குளிரூட்டிய ஹால். பத்துப் பன்னிரண்டு வட்ட மேசை. ஒவ்வொன்றுக்கும் டை கட்டிய ஒரு பையன். பாட்டுச் சத்தம். அவ்வப்போது ஒரு பலூனை உடைப்பார்கள். உடனே எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

‘அங்கிள், வருஷத்துக்கு எத்தனை தடவை டூர் போவீங்க?’

‘போன வருசம் திருச்செந்தூர் போனோம்லா.’

‘எங்க தங்குனீங்க?’

‘தங்கலியே. காலைல போனோம், சாயந்தரம் வந்துட்டோம்.’

இந்த இடத்தில் பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் இரவுகூட வெளியே தங்காதவருக்கு ஆண்டுக்கு ஆறு இரவு எதற்கு? ஆனால் பையன் அசரவில்லை. அதைத்தான் அங்கிள் நாங்க மாத்தப் போறோம் என்றான். வெள்ளைத் தாளில் கோடு போட்டான். இன்றைக்கு நல்ல ரூம் 6,000. ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் பத்தாம் ஆண்டில் 14,148. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டான். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணமும் ஏறுமே என்பதற்கு மட்டும் தாளில் இடம் போதவில்லை. அக்கா ஏதோ கேட்க வாயெடுக்கும்போது ஒரு பெண் வந்து, ‘மேடம், கிஃப்ட் செலக்ட் பண்ண வாங்க’ என்று கூட்டிப்போய்விட்டாள். டின்னர் செட்டா, அயர்ன் பாக்ஸா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பலூன் உடைந்தது. ‘எந்தக் கூறுகெட்டவன் மாட்டிக்கிட்டானோன்னு திரும்பிப் பாத்தேன் தம்பி. ஒங்க அத்தான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுக்கிட்டிருக்காவ.’

இரவுச் சாப்பாடு கோபி மஞ்சூரியன், ஆறிப்போனது. அதில் பாடபேதம் இல்லை.

இனிக் கணக்கு. பத்து ஆண்டு, ஆண்டுக்கு ஆறு இரவு, நுழைவுக் கட்டணம் 2,40,000 ரூபாய், ஆண்டுப் பராமரிப்பு 12,000, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 14,160. அத்தான் போட்ட கணக்கு எளிது: 2,40,000-ஐப் பத்தால் வகுத்தால் 24,000, கூட 14,160, ஆறால் வகுத்தால் ஓர் இரவுக்கு 6,360. பரவாயில்லையே!

மறுக்குமாறு. 2,40,000 ரூபாயை முதல் நாளே தூக்கிக் கொடுத்துவிட்டால் அதற்குரிய வட்டியும் போயிற்று. அதையே 7 சதவீத வட்டியில் போட்டு, பத்து ஆண்டில் அசலும் வட்டியும் தீர்ந்துபோகும்படி ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் கைக்கு வருவது சுமார் 34,170. இதுதான் ஆண்டுச் செலவு. பராமரிப்பைக் கூட்டினால் 48,330. ஆறு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு 8,055. அதுவும் பராமரிப்புக் கட்டணம் பத்து ஆண்டும் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டால். ஆறு இரவும் தங்கினால். மூன்று ஆண்டில் பதினெட்டு இரவுக்கு அத்தான் தங்கியது பதினொன்று: கொடைக்கானலில் மூன்று, மூணாறில் நான்கு, ஊட்டியில் நான்கு. ஆக, ஓர் இரவுக்கு 13,181 ரூபாய். கொடைக்கானலில் பக்கத்து அறைக்காரர் மதுரைக்காரர். மெம்பர் இல்லை. முந்தின நாள் போனில் பார்த்து 5,500க்கு எடுத்தாராம். இதை அத்தான் என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

3

வேண்டாப் பொருளின் விலையினைக் குறைத்தல்
தள்ளு படியெனச் சாற்றினர் விற்போர்;
தள்ளுவ தியாதெனின் தன்கைக் காசே.

என் நுதலிற்றோ எனின், அத்தானின் நோட்டை உணர்த்துதல் நுதலிற்று.

மெம்பர்ஷிப்போடு ஓர் அட்டையும் வந்தது. ரிசார்ட்டுகளிலும், கூட்டுச் சேர்ந்த சில ஓட்டல்களிலும் சாப்பாட்டு பில்லில் இருபது சதவீதம் தள்ளுபடி. அதை அத்தான் பிடித்துக்கொண்டார். மின்வாரியத்தில் முப்பது ஆண்டு மீட்டர் குறித்த கை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று பத்தி போட்டார்: தேதி, இடம், மிச்சம். செலவுக்குப் பத்தி இல்லை. செலவுதான் பில்லில் இருக்குல்லா என்பது அவர் வாதம்.

நோட்டின் இரண்டாம் பக்கத்திலிருந்து ஒரு வரி: கொடைக்கானல், இட்லி ஒரு பிளேட், மிச்சம் 44. ஆய்வாளன் இதன் பின்புலத்தைத் தேடுவது கடன். அந்த இட்லி பிளேட்டின் விலை, வரி நீங்கலாக, 220. தள்ளுபடி போக 176. நெல்லை ஜங்ஷனில் அதே மூன்று இட்லி 40 ரூபாய்க்குக் கிடைக்கும், சாம்பார் கேட்காமலே இன்னொரு தடவை வரும். ஆக, 136 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 44 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார். ரிசார்ட் மலைமேல் தனியே இருந்தது. வெளியே போய்ச் சாப்பிட வேண்டுமானால் ஆட்டோவுக்கே முந்நூறு. தள்ளுபடி அட்டை அங்கே எதற்கு என்பது இப்போது விளங்கும். வேலிக்கு உள்ளே இருக்கும் ஆட்டுக்குத் தழை மலிவு.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதும் இவ்வினத்தது. பாதி விலை என்று கேட்போர் கொள்வர். இரண்டில் விலை குறைந்ததுதான் இலவசம் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 300க்கு ஒன்று, 180க்கு ஒன்று வாங்கினால் 480க்கு 180 தள்ளுபடி, முப்பத்தேழரை சதவீதம். மூன்று பேர் போனால் மூன்றாவது ஆளுக்கு முழு விலை. ஆளே ஒருவர்தான் என்றால், வேண்டாத ஒன்றையும் தின்றுவிட்டு இரவெல்லாம் ஓமத்திரவம் குடிக்க வேண்டும்.

இந்தத் தள்ளுபடியை யார் தலையில் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு நாடறிந்த ஒரு வழக்கு உண்டு. 2017 நவம்பரில் சொமேட்டோ நிறுவனம் ‘கோல்டு’ என்ற மெம்பர்ஷிப்பைக் கொண்டுவந்தது. மெம்பருக்கு ஓர் ஐட்டத்துக்கு ஓர் ஐட்டம் இலவசம். மெம்பர்ஷிப் காசு சொமேட்டோவுக்கு. இலவச ஐட்டத்தின் செலவு ஓட்டல்காரருக்கு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். ஈராண்டுகூடப் பொறுக்கவில்லை, 2019 ஆகஸ்டில் ஓட்டல்காரர்கள் நூற்றுக்கணக்கில் அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறும் போராட்டம் நடத்தினார்கள். வெளியேற முடியாதவர் என்ன செய்வார்? விலையை ஏற்றுவார், அல்லது தட்டைச் சிறிதாக்குவார். தள்ளுபடி கொடுப்பவர் கையிலிருந்து ஒருபோதும் கொடுப்பதில்லை.

நோட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அத்தான் தினமும் பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்குச் சைக்கிளில் சுலோசன முதலியார் பாலம் வழியாகத்தான் போகிறார். 1843இல் திறந்த பாலம். அதற்கு முன்னால் ஆற்றைத் தாண்டத் தோணியை நம்பிக் கிடந்தார்கள். சுலோசன முதலியார் சொந்தக் காசைப் போட்டுக் கட்டினார். சுங்கம் வைக்கவில்லை. முன்பணத்தை ஒருவரே கட்டிவிட்டு, மற்ற எல்லாரும் காலத்துக்கும் இலவசமாக அனுபவிக்கும் உறுப்பினர் திட்டம் என்று இதைச் சொல்லலாம். பராமரிப்புக் கட்டணம்கூட நம்மிடம் தனியே கேட்பதில்லை. அத்தான் நோட்டில் இது ஒரு நாளும் ஏறியதில்லை. அட்டையைக் காட்டாமல் கிடைத்தது மிச்சத்தில் சேராதாம்.

4

செவ்வாய் வெள்ளி சேர்ந்தநாள் நீக்கி
எவ்வா றுண்பர் என்பது வினாவே.

என் நுதலிற்றோ எனின், தள்ளுபடி செல்லும் நாளும் தமிழன் வாய் செல்லும் நாளும் பொருந்துமாறு ஆராய்தல் நுதலிற்று.

பராமரிப்புக் கட்டணம் 14,160-ஐயாவது சாப்பாட்டுத் தள்ளுபடியிலேயே எடுத்துவிடலாம் என்பது அத்தானின் கொள்கை. ஏற்போம். இருபது சதவீதத்தில் 14,160 மிச்சமாக வேண்டுமானால் ஆண்டுக்கு 70,800 ரூபாய்க்குச் சாப்பிட வேண்டும். நான்கு பேர் போனால் ஒரு பில் 1,200 என்று வைத்தால் 59 தடவை.

இனி நாள் பார்ப்போம். வெள்ளி, சனி, ஞாயிறு அட்டை செல்லாது. பண்டிகை நாள் செல்லாது. மிஞ்சுவது திங்கள் முதல் வியாழன். கூட்டுச் சேர்ந்த ஓட்டலோ பிரியாணிக்குப் பேர்போனது. அக்கா வீட்டில் செவ்வாய் கவிச்சி கிடையாது. திங்கள், புதன், வியாழன் என்று ஆண்டுக்கு 156 நாள். அமாவாசையும் கிருத்திகையும் இந்த நாள்களில் விழுவது பதினொன்று என்று கொள்க, 145. புரட்டாசி முழுக்க விரதம். பதின்மூன்று போக 132. மருமகன், அதாவது அக்கா மகன், சபரிமலைக்கு மாலை போட்டால் வீடே மாலை போட்டாற்போலத்தான்; ஒரு மண்டலத்தில் பதினெட்டு போக 114. ஆக, தகுதியுள்ள 114 நாளில் 59 நாள், அதாவது ஒன்றுவிட்டு ஒரு நாள், குடும்பத்தோடு போய்ப் பிரியாணி தின்றால் பராமரிப்புக் கட்டணம் தேறும். 2,40,000 அப்படியே நிற்கும்.

இந்தக் கண்டுபிடிப்பை அக்காவிடம் சமர்ப்பித்தேன். ‘அப்ப வீட்டுல அடுப்பு எதுக்குல? அதையும் அந்தக் கம்பெனிக்கே குடுத்துட்டு வரச்சொல்லு’ என்றாள்.

இங்கே இடையீடாகச் சொல்லாராய்ச்சி ஒன்று. ‘அல்வா கொடுத்தல்’ என்பதற்கு ஏமாற்றுதல் என்ற பொருள் வந்தது எப்படி? இனிப்பைக் காட்டிக் காரியத்தை முடிப்பது என்பார் ஒருசாரார். வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் வந்தது என்பார் மற்றொரு சாரார். திருநெல்வேலிக்காரன் என்ற முறையில் இரண்டையும் மறுக்கிறேன். நெல்லையப்பர் கோயில் பக்கம் இருட்டுக்கடையில் அந்திக்கு வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மெம்பருக்குத் தனி வரிசை கிடையாது. அட்டை கிடையாது, ஒன்றுக்கு ஒன்று கிடையாது. முண்டியடித்துக் காசை நீட்டினால் சூடாக நூறு கிராம், நெய் தாளைத் தாண்டி உள்ளங்கைக்கு இறங்கும். தின்று முடித்ததும் கையைத் துடைக்கத் துணி தேடாமல் முழங்கையில் தேய்த்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். போட்ட காசுக்குப் பொருள் அந்த நிமிஷமே வாயில் இருக்கிறது. இதைப் போய் ஏமாற்றுக்கு உவமையாக்கியவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

5

புகுவழி ஒன்றுண்டு, போம்வழி இன்றே.

என் நுதலிற்றோ எனின், வெளியேறுமாறு உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரம் சுருங்கியது, வழி சுருங்கியமையான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இல் போட்ட விதிப்படி டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதற்குள் முன்பணமும் வாங்கக் கூடாது. ஏன் இந்த விதி? பலூன் சத்தம் காதிலிருந்து இறங்க அத்தனை நாள் ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் சட்டம். அத்தான் ஒப்பந்தத்திலும் விலகும் காலம் பத்து நாள் இருந்தது. அது பதினேழாம் பக்கத்தில் இருந்தது. புத்தகமாகக் கட்டி வீட்டுக்குத் தபாலில் வந்தது பன்னிரண்டாம் நாள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2019இல் இயற்றி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்: கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நுகர்வோர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நெல்லையிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. அத்தான் நினைத்தால் சைக்கிளிலேயே போகலாம். போகமாட்டார். போனால் ஏமாந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டில் மிச்சம் என்று நாற்பது பக்கம் எழுதிய கையால் அதை எழுத வராது.

இதைவிட மோசமான இனமும் உண்டு. அறை இரவுகளை விற்கிறோம், தங்காவிட்டால் கூடுதலாகத் திருப்பித் தருகிறோம் என்று பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் நாடு முழுக்கப் பணம் திரட்டியது. தங்காமல் இருப்பதற்காகவே அறை வாங்கும் ஜனம்! இது விடுமுறைத் திட்டமே அல்ல, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2014இல் செபி தடுத்தது. அதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 7,000 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தார்கள். அதை நோக்க, அத்தானுக்காவது ஊட்டியில் நான்கு நாள் வெந்நீர் வந்தது.

தடை: அங்ஙனமாயின் டைம்ஷேரால் பயன்பெறுவார் ஒருவரும் இலரோ? விடை: உளர். பள்ளிக்கூட லீவில் ஆண்டுதோறும் தப்பாமல் மலைக்குப் போகும் குடும்பம், எங்கே எப்போது என்று நாலு மாதம் முன்பே முடிவு செய்யும் குடும்பம், நல்ல அறைக்கு எப்படியும் எட்டாயிரம் கொடுக்கத் தயாராக இருந்த குடும்பம். ஏற்கெனவே கொடுக்க இருந்த காசில் குறைந்தால் அது தள்ளுபடி. அப்படிப்பட்டவர்களை நான் சென்னையில் பார்த்திருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் கஷ்டம். காரணம் நிலவியல்.

பொதிகை மேற்கே நிற்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலைமேல் மோதினால் குற்றாலத்தில் சாரல். 2019 நவம்பர் 22 முதல் குற்றாலம் தென்காசி மாவட்டம். கெஜட்டில் வந்துவிட்டது, நெல்லைக்காரர் மனசில் இன்னும் வரவில்லை. சீசன் எப்போது தொடங்கும் என்று நாலு மாதம் முன்பே புக் செய்ய முடியாது. இன்று மெயினருவியில் நூல்போல விழும். நாளைக்கு வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள். மறுநாள் ஐந்தருவியில் ஐந்து கிளையும் கொட்டும். யாராவது போன் பண்ணி ‘தண்ணி நல்லா விழுது’ என்றால் அந்த மணிக்குக் கிளம்ப வேண்டும். எந்த நிறத்துப் பருவத்திலும் அடங்காத பருவம் அது. ஒரு மணி, ஒன்றரை மணி பஸ். ஆலங்குளம் தாண்டிப் பாவூர்சத்திரம் வரும்போதே காற்றில் ஈரம் தெரியும். குளித்துவிட்டு இராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். இரவு தங்க அவசியமே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு இரவை விற்கிறார்கள்.

போன ஆனியில் அப்படி ஒரு போன் வந்தது. அத்தான், அக்கா, நான், மருமகன் நாலு பேரும் போனோம். பழைய குற்றாலத்தில் முக்கால் மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பிரானூர் பார்டருக்குப் போனோம். கூட்டம். இலை போட்டு, பொரோட்டாவைப் பிய்த்துப் போட்டார்கள். நாட்டுக்கோழி வந்தது. முடித்ததும் அத்தானுக்குப் பழக்கதோஷம். ஈரச் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

‘தம்பி, மெம்பருக்கு எதுவும் உண்டுமா?’

பரிமாறுகிற பையன் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். அதில் ஒரு பனிமலைப் படம் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘சால்னா வேணுங்கிற மட்டும் ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி’ என்று வாளியைச் சாய்த்தான். பக்கத்து இலைக்காரருக்கும் அதேபோல ஊற்றினான்.

பஸ்ஸில் அத்தான் நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். இடம் எழுதினார். மூன்றாம் பத்தியில் பேனா நின்றது.

‘மாப்ளே, சால்னாவுக்கு எவ்வளவு போடட்டும்?’

நான் யோசித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் கண்ணை மூடியிருந்தவள், மூடினபடியே சொன்னாள்:

‘ரெண்டு கரண்டின்னு போடுங்க.’